ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பிஸ்கட்டா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது, ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சு வரவில்லை, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். வாயைத் திறந்து சத்தம் கொடுத்தாலே பிஸ்கட் கொடுங்கள் என்கிறார் தெரபிஸ்ட். "நாய்க்குட்டியைப் பழக்குற மாதிரி இருக்கு" என்கிறார் மாமியார். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் பிஸ்கட்டை அவன் பிஸ்கட் கேட்கும்போது கொடுங்கள். பந்தைப் பார்த்து "பந்து" என்றால் பந்துதான் கைக்கு வரவேண்டும்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் லோவாஸ் என்கிற உளவியலாளர் இப்படிப்பட்ட குழந்தைகளை எதிரே உட்காரவைத்து, சொன்னதைத் திருப்பிச் சொன்னால் வாயில் ஒரு துண்டு உணவு என்று பழக்கினார், தண்டனையும் கூடவே இருந்தது. பேச்சு வந்தது. ஆனால் சிகிச்சை முடிந்து பராமரிப்பு விடுதிக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதை மறந்தார்கள், பெற்றோரும் முறையைக் கற்றுக்கொண்ட வீடுகளில்தான் அது தங்கியது என்று 1973-ல் அவரும் அவருடைய குழுவினருமே எழுதினார்கள். அதனால் தெரபி அறையைவிட உங்கள் வீட்டுக் கூடம் முக்கியம்.

சோப்புக் குமிழி பிடிக்குமா அவனுக்கு? ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டு, குச்சியை உதட்டருகே வைத்துக்கொண்டு "ஊது" என்று சொல்லி, அவன் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருங்கள். "ஊ" என்று வந்தால் போதும், அந்த நொடியே ஊதிவிடுங்கள், "சரியா சொல்லு" என்று நிறுத்தி வைக்காதீர்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்றே அவனுக்குப் புரியாது. "ஊ" சுலபமாக வர ஆரம்பித்த பிறகு "ஊது"வுக்குக் காத்திருக்கலாம். ஒன்றுமே வரவில்லையென்றால் நீங்களே சொல்லிவிட்டு ஊதிவிடுங்கள். அழுகைக்கு முன்பே ஊதிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கத்தினால் கிடைக்கும் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். முறுக்கென்றால் சின்னச் சின்னதாக ஒடித்து வையுங்கள், முழுசாகக் கொடுத்தால் மறுபடி கேட்க என்ன இருக்கிறது? சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் மட்டும் பிடித்து வைக்கவே கூடாது.

வேண்டியதைப் பட அட்டை காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பேச்சைத் தடுப்பதில்லை. எத்தனை நாளில் பேசுவான் என்று நாள் குறித்துத் தருகிறவர்களிடமும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அப்புறம், காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட் எடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லையென்றால் இந்த வாரமே எடுங்கள், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.