எல் கிரேக்கோ வரைந்த ஜூலியோ குளோவியோ படத்தில் நீண்ட கழுத்தோ முறுக்கிய உடம்போ இல்லையே, அதை ஏன் மானரிசத்தில் சேர்க்கிறார்கள்?

நீங்கள் அதைப் படியெடுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மானரிசம் என்பது 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் உருவங்களை வேண்டுமென்றே நீட்டி முறுக்கி வரைந்த பாணி. இந்தப் படத்தில் அதை உடம்பில் தேடாதீர்கள். கிழவர் குளோவியோ ஒரு மினியேச்சர் ஓவியர், அதாவது கையெழுத்து நூல்களுக்குள் படம் வரைபவர். அவர் கையில் இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள். கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசேக்காகக் குளோவியோ 1546இல் முடித்த ஜெபப்புத்தகம் அது. இப்போது நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சுமார் 17 செ.மீ. உயரம், 11 செ.மீ. அகலம்தான். அந்த உள்ளங்கையளவு இடத்தின் ஓரச் சட்டத்தில்கூட மைக்கலாஞ்சலோ பாணி நிர்வாண உருவங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் தேடும் முறுக்கு அங்கேதான். குளோவியோவின் சுட்டுவிரலும் அதைத்தான் காட்டுகிறது.

மற்றதெல்லாம் பெரும்பாலும் வெனிஸ் ஓவியர்களின் சரக்கு: படுக்கை வாட்டத்தில் வைத்த ஓவியத்துணி, இருண்ட சுவர், வலப்பக்க ஜன்னலில் மேகம் கவிந்த வானம். ஆகவே 'சுத்த மானரிசம்' என்று நானும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 1570 நவம்பரில் "டிஷியனிடம் பயின்ற கிரீட் இளைஞன் வந்திருக்கிறான், அரண்மனையில் ஓர் அறை கொடுங்கள்" என்ற பொருளில் கர்தினாலுக்குக் கடிதம் எழுதியவரே குளோவியோதான். அந்த இளைஞன்தான் எல் கிரேக்கோ; டிஷியன் வெனிஸின் பெரிய ஓவியர். படத்தை நன்றிக்கடனாகவே எனக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

நேப்பிள்ஸ் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலம் சுமார் 86 செ.மீ. அகலம், 58 செ.மீ. உயரம். நீங்கள் 60 செ.மீ. அகலம் எடுத்தால் உயரம் 40 செ.மீ. வெள்ளைத் துணியில் நேராகத் தொடங்கினால் முகம் சுண்ணாம்பாக வெளுக்கும். முதலில் மெல்லிய பழுப்புப் பூச்சு கொடுங்கள். உடைக்கு வெறும் கருப்பைக் குழைத்து அப்பினால் ஓட்டை மாதிரி தெரியும், கொஞ்சம் பழுப்பு கலக்கவும். எண்ணெயில் கருப்பு மெதுவாகத்தான் காயும். ஈரம் போகுமுன் அதன்மேல் சீக்கிரம் காயும் நிறத்தை வைத்தால் பின்னால் வெடிப்பு விழும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. 'மினியேச்சர் என்றால் சின்ன ஓவியம்' என்று எழுதும் வழிகாட்டி நூல்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அந்தச் சொல் மினியம் என்ற செந்தூரத்திலிருந்து வந்தது, அளவிலிருந்து அல்ல. குளோவியோவைச் சில்லறை ஓவியர் என்று ஒதுக்குவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

அச்சுப் பிரதியை வைத்து வரைந்தால் ஜன்னல் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல பிரதிகளில் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டிவிடுகிறார்கள், புத்தகமும் அதோடு போய்விடும்.