அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் கூட்டம் பெருகுவதற்கு வெளிநாட்டுப் பயணிகள்தான் காரணமா?

இல்லை. அமெரிக்காவின் மேற்கில் உள்ள யூட்டா மாநிலத்தில் குடியிருக்கிறேன். கூட்டத்தை வருடா வருடம் பார்க்கிறேன், அந்தக் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று.

2021 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் ஐரோப்பா, சீனா, இந்தியாவிலிருந்து சுற்றுலாப் பயணிகள் வர முடியாத காலம் அது. நவம்பர் 8 அன்றுதான் கதவு திறந்தது. ஆனால் அந்த ஆண்டில்தான் யூட்டாவின் ஜயான் பூங்காவின் வருகை முதன்முறையாக 50 லட்சத்தைத் தாண்டியது. யெல்லோஸ்டோன் பூங்காவில் 48.6 லட்சம், ஜூலை மாதத்தில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். அங்கே ஒரே மாதத்தில் அவ்வளவு பேர் அதற்குமுன் வந்ததே இல்லை. வந்தவர்கள் யார்? வண்டி நிறுத்துமிடத்தில் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது: கலிபோர்னியா, டெக்சாஸ், கொலராடோ, எங்கள் யூட்டா. விமானம் ஏற முடியாதவர்கள் காரை எடுத்தார்கள்.

அதற்கு முன்பே விதை போட்டாகிவிட்டது. 2013-இல் யூட்டா அரசு தன் ஐந்து பூங்காக்களையும் 'மைட்டி ஃபைவ்' என்று விளம்பரப்படுத்தியது. 2010-இல் சுமார் 27 லட்சமாக இருந்த ஜயானின் வருகை பதினோரே ஆண்டில் இரட்டிப்பை நெருங்கியதில் அதற்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. நாடு முழுக்க 2024-இல் ஏறத்தாழ 33.2 கோடி வருகைகள், இதுவரையிலான உச்சம். (வருகைகள்தான், ஆட்கள் அல்ல. ஒருவரே மூன்று பூங்காவுக்குப் போனால் மூன்று.)

2026 முதல் 11 பெரிய பூங்காக்களில் அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். வருமானம் வரலாம். நெரிசல் தீரும் என்று நான் நம்பவில்லை.

இதில் எனக்கு மனவருத்தமும் உண்டு. நீண்ட வார இறுதியில் நாலு தமிழ்க் குடும்பமாக, புளியோதரைப் பாத்திரத்தோடு பூங்கா பஸ் வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் "எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள்?" என்று அன்பாகத்தான் கேட்பார். எங்கள் ஊர் அந்தப் பூங்காவிலிருந்து காரில் நாலரை மணி நேரம்தான். நிறத்தைப் பார்த்து வெளிநாட்டவர் என்று எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

எல்லோரும் ஒரே இடத்துக்குப் போவதுதான் உண்மையான சிக்கல். பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான தேசியப் பூங்காச் சேவையின் கீழ் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்க, 2021-இல் மொத்த வருகையில் கால்வாசி எட்டே இடங்களில். யூட்டாவின் ஆர்ச்சஸ் பூங்காவில் காலையிலேயே இடம் நிரம்பி வாசலை மூட வேண்டி வந்தது. 2022-இல் நேரம் குறித்த முன்பதிவைக் கொண்டுவந்தார்கள். கஷ்டமாக இருந்தாலும் நான் அதை ஆதரித்தேன். அங்கே மணல்மேல் கருப்பாகப் படர்ந்திருப்பது அழுக்கல்ல, நுண்ணுயிர்கள் சேர்ந்து உருவாக்கிய, உயிருள்ள மண் மேலோடு. ஒரு காலடி பட்டு நொறுங்கினால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். என் மகள் இப்போது பாறை விட்டுப் பாறை தாண்டித்தான் நடக்கிறாள், எங்களையும் அப்படியே நடக்க வைக்கிறாள்.