சிறையில் இருப்பவருக்கு வானொலி எப்படித் துணையாகும்?

"பாட்டுக் கேட்பதைத் தவிர, சிறையில் இருப்பவருக்கு வானொலியால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தின் குரலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முதற்பயன்.

கொழும்பு பொரளையில், வெலிக்கடைச் சிறைச்சாலை மதிலோரம் ஓர் அம்மாவோடு பேசியிருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர். மடியில் மகனுக்கான சோற்றுப் பார்சல். சில நிமிடப் பேச்சுக்காக அத்தனை தூரம். அடுத்த பயணத்துக்குக் காசு சேரும்வரை இருவருக்கும் மௌனம்தான்.

அந்த மௌனத்தை வானொலியால் உடைக்க முடியும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கேபிஎஃப்டி என்ற சமூக வானொலியில் 1980இல் சிறைவாசிகளுக்கென ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. வீட்டார் தொலைபேசியில் நிலையத்தை அழைத்துப் பேசுவார்கள். உள்ளே இருப்பவர் அறையிலிருந்தே கேட்பார். பதில் சொல்ல முடியாதுதான். ஆனாலும் "சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டது" என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு இது கடிதத்தைவிடப் பெரிது.

இங்கிலாந்தில் ஃபெல்தம் இளையோர் சிறையில் 1994இல் உள்ளேயே வானொலி தொடங்கினார்கள். பின்னர் பிரிக்ஸ்டன் சிறையில் கைதிகளே நிகழ்ச்சி தயாரித்தார்கள். அது அவர்களுக்கு ஒரு தொழிற்பயிற்சியும்கூட.

கொழும்பில் இதன் தேவை இன்னும் கூடுதல் என்பேன். சிங்களம் புரியாத தமிழ்க் கைதிக்குத் தன் மொழியில் சட்ட உதவி பற்றிக் கேட்பதே பெரிய ஆறுதல். பிறந்தநாள் வாழ்த்தில் அம்மம்மா முதல் மச்சாள்வரை வரிசையாகப் பெயர் வாசித்துப் பழகியது நம் இலங்கை வானொலி. அந்த வரிசையில் வெலிக்கடையில் இருக்கும் ஒரு மகனின் பெயரையும் வாசிக்கலாம்.