ஒரு கல்லூரிப் படிப்பில் மாணவர்கள் உண்மையிலேயே கற்றார்களா என்று எப்படி மதிப்பிடுவது? தேர்ச்சி விகிதமும் வேலைவாய்ப்பு விகிதமும் போதாதா?

போதாது. சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் கற்பிக்கிறேன். படிப்பை மறுஆய்வு செய்யும் குழுவிலும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தேர்ச்சி விகிதத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். கேள்வித்தாளை அமைப்பவரும் திருத்துபவரும் நாங்களே. வினாவைச் சற்று எளிதாக்கினால் விகிதம் தானாக ஏறும்.

வேலைவாய்ப்பு விகிதம் அவ்வளவு வெற்று எண் அல்ல. இங்கே ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் பட்டயதாரிகளிடம் கருத்தாய்வு நடத்துகின்றன. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பையன்கள் பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பை முடித்ததும் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாண்டு கழித்து வெளியே வந்து, வேலை தேடி, அதன் பிறகுதான் பதில் சொல்கிறார்கள். அப்போது அவர்கள் முதலாண்டில் படித்த பாடத்திட்டத்துக்கு வயது ஐந்துக்கு மேல். அதற்குள் நாங்கள் பாதியை மாற்றியிருப்போம். போதாததற்கு, பொருளாதாரம் நன்றாக இருக்கும் ஆண்டில் சுமாரான படிப்புக்கும் வேலை கிடைக்கும். வேலை கிடைத்ததற்கு நாங்கள்தான் காரணம் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? மாணவர் எழுதியதையும் செய்ததையும் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பன்னிரண்டு மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் பம்பு தேர்ந்தெடுக்க வேண்டும். உயரம் 40 மீட்டர், நொடிக்கு 5 லிட்டர், பம்பின் பயனுறுதிறன் 60 விழுக்காடு. சரியான விடை ஏறத்தாழ 3.3 கிலோவாட். ஒரு மாணவர் சூத்திரத்தைச் சரியாக எழுதி, படிகளை வரிசையாகப் போட்டு, லிட்டரைக் கனமீட்டராக மாற்றாமல் விட்டு, 3,270 கிலோவாட் என்று முடித்து, கீழே இரட்டைக் கோடும் போட்டிருந்தார். ஒரு புளோக்குக்குத் தண்ணீர் ஏற்ற, ஆயிரக்கணக்கான வீட்டுக் குளிரூட்டிகள் இழுக்கும் மின்சாரம்! படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் அவருக்கு இருபதுக்குப் பதினெட்டு. இறுதித் தரப்பட்டியலில் அவர் நல்ல மாணவர்.

மதிப்பெண் என்பது பல திறன்களைக் கலக்கிப் பிழிந்த ஒற்றை எண். 'விடை நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று சோதிப்பார்' என்பது எங்கள் படிப்பின் கற்றல் விளைவுகளில் ஒன்று. கையேட்டில் அழகாக அச்சாகியிருக்கிறது. அது நடக்கிறதா என்று அறிய, மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் தேட வேண்டும். பெயரை மறைத்த விடைத்தாள்களில் ஒரு கட்டை எடுத்து, இரண்டு விரிவுரையாளர்கள் தனித்தனியே படிக்கிறோம். நன்றாக எழுதியவர், நடுத்தரம், தட்டுத்தடுமாறித் தேறியவர் என மூன்று வகைத் தாள்களும் கட்டில் இருக்க வேண்டும். இருவர் முடிவும் பொருந்தாவிட்டால் முதலில் சரிசெய்ய வேண்டியது எங்கள் அளவுகோலை.

அடுத்து ஒரு வரைபடம். எந்தப் பாடத்தில் இந்தத் திறன் அறிமுகமாகிறது, எங்கே பழக்கப்படுத்தப்படுகிறது, எங்கே சோதிக்கப்படுகிறது என்று கட்டம் போட்டு நிரப்புவது. எங்கள் கட்டத்தில் எல்லாப் பாடத்துக்கும் 'கற்பிக்கப்படுகிறது' என்று டிக் விழுந்திருந்தது. 'சோதிக்கப்படுகிறது' என்ற பத்தி காலி. பிறர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். தேர்வில் கேட்காததை எந்த மாணவர் மெனக்கெட்டுப் படிப்பார்? இப்போது கேள்வித்தாளிலேயே அபத்தமான ஒரு விடையைக் கொடுத்து, 'இது ஏன் இருக்க முடியாது?' என்று கேட்கிறோம். அடுத்து வரும் மாணவர் அணியின் தாள்களில் அதே திறனை மறுபடி தேடுவோம். மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காவிட்டால் இத்தனை உழைப்பும் கோப்பில்தான் தூங்கும். பல இடங்களில் தூங்குகிறது.

பொறியியல் பட்டப்படிப்புகளுக்கு வெளியிலிருந்தும் கண்காணிப்பு உண்டு. பொறியியல் பட்டப்படிப்புகளுக்குத் தரப்படும் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2006இல் சேர்ந்தது. அங்கீகாரம் தர வரும் குழு மாணவர்கள் எழுதியதையும் செய்ததையுமே எடுத்துக் காட்டச் சொல்லும்.

மாணவர் கருத்துப் படிவம் பற்றியும் கேட்பீர்கள். எந்த வாரத்தில் ஒப்படைப்புகள் குவிந்தன, ஆய்வகத்தில் எந்தக் கருவி ஓடவில்லை என்பதை அது துல்லியமாகச் சொல்லும். கற்றார்களா என்பதைச் சொல்லாது. கலகலப்பாகப் பேசும் விரிவுரையாளருக்கு எப்போதும் நல்ல புள்ளிதான்.

பிள்ளையைச் சேர்க்கும் எண்ணத்தில் இதைக் கேட்டிருந்தால், ஜனவரியில் நடக்கும் பொது வரவேற்பு நாளில் விகிதங்களைக் கேட்காதீர்கள். அவை சுவரொட்டியிலேயே இருக்கும். 'மாணவர்கள் எதில் திணறுவதைப் பார்த்து, சென்ற ஆண்டு எதை மாற்றினீர்கள்?' என்று விரிவுரையாளரிடம் கேளுங்கள். உடனே ஒரு பாடத்தின் பெயரைச் சொன்னால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசலாம்.