"பாதுகாப்புக்காகத்தான்" என்று சொல்லி ஒதுக்கலாமா? பொறியியல் பணியிடம் குறித்த கேள்வி-பதில்கள்

ஒசூர், சூளகிரி, பாலக்கோடு, தர்மபுரி எனக் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பொறியியல் பணியிடம் சார்ந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களும் நிறுவனங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் ஒரு வேலையிலிருந்து விலக்கி வைக்கும்போது, "அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான்" என்ற காரணமே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தக் காரணம் உண்மைதானா என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் இயந்திரங்கள்) பிரிவுக்கான நேர்காணலில், செவித்திறன் இல்லாத டிப்ளமோ இளைஞர் ஒருவர் மிகச் சிறப்பாகச் செய்தார். ஃபோர்க்லிஃப்ட் (சுமை தூக்கி நகர்த்தும் வண்டி) ஹாரனும் அபாய மணியும் அவருக்குக் கேட்காது என்று பாதுகாப்பு அலுவலர் மறுக்கிறார். என்ன செய்யலாம்? (மனிதவள அலுவலர், ஒசூர்)

பாதுகாப்பு அலுவலர் எழுப்பும் ஐயம் தேவையானதே. அதற்கு அவர் காணும் தீர்வுதான் தவறு. இரைச்சல் மிகுந்த தொழிற்கூடத்தில் எல்லோரும் இயர் பிளக் அணிந்தே வேலை செய்கிறார்கள் என்னும்போது, சத்தத்தை மட்டும் நம்பியிருக்கும் எச்சரிக்கை ஏற்பாடு அங்கே யாருக்குமே போதாது. ஆகவே ஃபோர்க்லிஃப்ட் பாதைக்கு மஞ்சள் கோடு போட்டதோடு நிறுத்தாமல் தடுப்புக் கம்பிகளால் பிரித்து, வண்டிக்கு முன்னும் பின்னும் தரையில் நீல ஒளி விழுமாறு விளக்குப் பொருத்தி, திருப்பங்களில் குவி ஆடி வைத்து, தீ அபாய மணியோடு விட்டுவிட்டு ஒளிரும் விளக்கையும் இணையுங்கள். அந்த விளக்கு கழிப்பறைக்குள்ளும் இருக்க வேண்டும். ஒருவர் தனித்திருக்கும் இடத்தில்தான் எச்சரிக்கை எளிதில் தவறிப்போகும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, டூல் (வெட்டும் கருவி) மழுங்குவதையோ உடைவதையோ அனுபவமுள்ள ஆபரேட்டர் சத்தத்தை வைத்தே உணர்ந்துவிடுவார் என்பது உண்மைதான். அதே செய்தியை ஸ்பிண்டில் என்ற சுழல்தண்டின் மீதுள்ள சுமையைக் காட்டும் மீட்டரும், ஒரு டூல் எத்தனை பாகங்களை வெட்டியிருக்கிறது என்ற கணக்கும், இயந்திரத்தின் மேல் எரியும் டவர் விளக்கும் கண்ணுக்குக் காட்டிவிடுகின்றன. இயந்திரத்தைவிட அவரை அதிகம் ஒதுக்கக்கூடியது ஷிஃப்ட் தொடக்கத்தில் நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டம். அங்கே வாய்மொழியாகச் சொல்லப்படும் மாற்றங்கள் அனைத்தும் பலகையிலும் எழுதப்பட வேண்டும். லைன் லீடராவது அடிப்படைச் சைகைமொழி கற்க வேண்டும். இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் காணொளி அகராதி இதற்கு உதவும்.

சட்டத்தையும் அலுவலரிடம் எடுத்துச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கியது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, மாற்றுத்திறனாளிகளின் பணி நியமனத்தைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். அந்த இளைஞரை ஒரு வாரம் ஷாப்புக்கு அழைத்து, எங்கெங்கே இடர் இருப்பதாக அவர் நினைக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். நாம் யூகிக்காத இடங்களை அவர் காட்டுவார்.

கேள்வி: பராமரிப்புப் பிரிவில் நான் ஒருத்தியே பெண் பொறியாளர். இரவில் இயந்திரம் பழுதானால் என்னை அழைப்பதில்லை; "உன் பாதுகாப்புக்காகத்தான் அம்மா" என்கிறார்கள். ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் "பிரேக்டவுன் அனுபவம் குறைவு" என்று எழுதிவிட்டார்கள். (பாலக்கோடு)

வாய்ப்பை மறுத்துவிட்டு, வாய்ப்பு இல்லாததையே குறையாக எழுதுவது அநீதி. அதைக் கனிவான சொற்களில் சொல்வதால் அநீதி குறைந்துவிடாது. பெண்களைத் தொழிற்சாலைகளில் இரவில் பணியமர்த்தத் தடை விதித்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவற்றை உறுதிசெய்யும் பொறுப்பையும் நீதிமன்றம் அப்போது நிறுவனங்களின் மேல் வைத்தது. வீட்டு வாசலுக்கு வரும் வாகனம், இரவுப் பணியில் குறைந்தது இருவர், இயந்திரத்துக்குப் பின்புறமும் போதிய வெளிச்சம் ஆகிய ஏற்பாடுகளைச் செய்வது நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையை உங்கள் வேலையைக் குறைத்து ஈடுகட்ட முடியாது.

உங்கள் மேலாளருக்கு எழுத்து மூலம் இரண்டு செய்திகளைத் தெரிவியுங்கள். முதலாவது, சுழற்சி முறையில் இரவு அழைப்புப் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை. இரண்டாவது, கடந்த ஆண்டில் நீங்கள் கவனித்த பழுதுகள், காரணம் கண்டறிந்த விதம், இயந்திரம் நின்ற நேரம் ஆகியவற்றின் பட்டியல். மதிப்பீட்டைத் திருத்தக் கேட்கும்போது இதுவே ஆதாரமாக இருக்கும். கையுறையும் பாதுகாப்புக் காலணியும் உங்கள் அளவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரிய கையுறையோடு சிறிய போல்ட்டைக் கழற்றத் தடுமாறும் பெண்ணைப் பார்த்து "பெண்களுக்கு இது வராது" என்று முடிவு கட்டுபவர்கள், அந்தக் கையுறையை யாருக்காக வாங்கினோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

குடும்பச் சூழலால் ஒருவர் இரவுப் பணி வேண்டாம் என்றால், அது ஆணாயினும் பெண்ணாயினும் ஒரே அளவுகோலால் பார்க்கப்பட வேண்டும்.

கேள்வி: எனக்குப் பார்வைக் குறைபாடு 30 விழுக்காடு. கேட் (CAD) எனப்படும் கணினி வழி வரைபட வேலைக்குப் பெரிய திரை கேட்டேன். 40 விழுக்காட்டுச் சான்றிதழ் இல்லாமல் கேட்க முடியாது என்கிறார்கள். (வடிவமைப்புப் பொறியாளர், ஒசூர்)

அது தவறான விளக்கம். அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் 40 விழுக்காடு என்ற எல்லை. பணிக்கு ஏற்ற நியாயமான வசதி என்ற கோட்பாடு அந்த எல்லைக்குள் அடங்குவதன்று என்பதை, எழுதுவதில் சிரமம் உள்ள தேர்வர் ஒருவருக்கு உதவியாளர் மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் 2021-இல் தெளிவுபடுத்தியது. கண் மருத்துவரின் குறிப்போடு மீண்டும் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: போலியோவால் ஒரு காலில் கேலிப்பர் (தாங்கு கருவி) அணிந்து ஊன்றுகோலோடு நடக்கும் பெண் நான், தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பெண்கள் கழிப்பறை அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. நடுவே கூலன்ட் (இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்மம்) சிந்திய தரையும் படிகளும் இருப்பதால் ஷிஃப்ட் முழுவதும் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறேன். (சூளகிரி)

உங்கள் கேள்வியைப் படித்து மிகவும் வருந்தினேன். பெண்களுக்கான வசதியை ஒருவரும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியை வேறொருவரும் திட்டமிடும் இடங்களில், இரண்டும் சேர்ந்த ஒருவர் இருவர் கணக்கிலும் விடுபட்டுப் போகிறார். தண்ணீர் குடிக்காமல் இருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது சிறுநீர்ப் பாதைத் தொற்றில் கொண்டுபோய் விடலாம். உங்கள் தளத்திலேயே கழிப்பறை அமையும் வரை, அருகிலுள்ள அலுவலர் கழிப்பறையை நீங்கள் பயன்படுத்த எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.

நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டிய அளவுகள் இவை. சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. கதவின் திறப்பு 900 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. இடம் வேண்டும். உங்களைப் போல் ஊன்றுகோல் பயன்படுத்துவோருக்குச் சாய்தளத்தைவிட வழுக்காத தரையும் உறுதியான கைப்பிடிகளும் முக்கியம். கூலன்ட் சிந்துவது எல்லோருக்கும் ஆபத்து என்பதால் அதைத் தனிப் பாதுகாப்புப் புகாராகவே பதிவு செய்யுங்கள். கட்டிய பிறகு அந்தக் கழிப்பறையில் துடைப்பமும் வாளியும் அடுக்கிப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நிர்வாகத்தின் பொறுப்பே.

கேள்வி: வேலை முடிந்து திரும்பும்போது தொப்பூர் அருகே நடந்த விபத்தில் என் தம்பி ஒரு காலை இழந்தான். ஃபிட்டராக இருந்தவனை ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள். (தர்மபுரி)

கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஊழியரை நீக்கக் கூடாது என்ற வெளிப்படையான பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கே பொருந்தும் என்றாலும், உடல்குறைபாட்டின் பேரில் பாகுபாடு காட்டுவதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு பொதுவாகவே தடுக்கிறது. அவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் இருந்தால், பணிக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தும், பணியோடு உள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணி விபத்தாகவே கருதப்படும். செயற்கைக் காலும் இ.எஸ்.ஐ. மூலம் பெறலாம். ஃபிட்டரின் திறமை கையிலும் கண்ணிலும் இருக்கிறது. பெஞ்ச் வேலை, அசெம்பிளி, அளவீடு ஆகியவற்றில் அவரை அமர்த்தும்படி கேட்டு, மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் மாநில ஆணையரையும் அணுகுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் எட்டுப் பேர்தான். பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு எங்களுக்கும் கட்டாயமா? (கிருஷ்ணகிரி)

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில்தான் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைவான இடங்களிலும், புகார் முதலாளியின் மீதே இருந்தாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்கும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கலாம். பயிற்சி மாணவியரும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் புகார் அளிக்கலாம் என்பதை உங்கள் பட்டறைச் சுவரில் தமிழிலும், தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் இருந்தால் அம்மொழிகளிலும் எழுதி ஒட்டுங்கள்.