பஸ்ஸில் ஏறினால் பார்வை போகிறது

கேள்வி: குளிர் தொடங்கியதிலிருந்து, பஸ்ஸில் ஏறியதும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: போன வாரம் அப்படித்தான், காலி இருக்கை என்று நினைத்து யாரோ வைத்திருந்த பைமேல் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த டப்பாவின் மூடி நெளிந்த சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளியே சில்லிட்ட கண்ணாடியில், உள்ளே கூட்டம் விடும் மூச்சின் ஈரம் நுண்துளிகளாகப் படிகிறது. சட்டை நுனியால் துடைத்தால் கீறல்தான் மிச்சம். கண்ணாடி சூடாகும்வரை திரும்பவும் மூடும். கிளம்பும் முன் திரவ சோப்பு ஒரு சொட்டு தடவி, மெல்லிய துணியால் பளிச்சென்று துடையுங்கள். ஈரம் துளியாக நிற்காமல் படலமாகப் பரவிவிடும். விசேஷப் பூச்சுள்ள கண்ணாடியா? முதலில் கடைக்காரரைக் கேளுங்கள். அப்புறம், உட்காரும் முன் கையால் தடவிப் பாருங்கள்.