கொசுவினும் சிறிய ஈக்கு ஒரு புதிய பேரினம்

கேள்வி: கடிக்கும் சிற்றீக்களில் புதிய பேரினம் ஒன்று கண்டறியப்பட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. புதிய சிற்றினம் என்றால் புரிகிறது. பேரினமே புதிது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஆண், பெண், புழு எல்லாம் கிடைத்த பிறகுதான் அறிவிப்பார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: செரட்டோபோகோனிடே என்னும் இந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்களும் (நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதிகள்) ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களும் உள்ளன. பெரும்பாலானவை 1 முதல் 3 மி.மீ. நீளமே இருக்கும். நம் ஊர்ச் செம்மறியாடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும் குலிகாய்டஸ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தனியொரு வேறுபாட்டைக் கண்டதும் பேரினத்தை உருவாக்கிவிடுவதில்லை. கிடைத்த பூச்சியின் அமைப்பு, ஏற்கெனவே உள்ள எந்தப் பேரினத்தின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை என்பதையும், அதன் நெருங்கிய உறவு எது என்பதையும் காட்ட வேண்டும். பேரினம் என்பது உறவுமுறை பற்றிய ஒரு கருதுகோள் என்றே நான் கொள்கிறேன். புதிய சான்று வந்தால் அது கைவிடப்படவும் கூடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆஸ்ட்ரோகோனாப்ஸ். மேற்கு ஆஸ்திரேலியாவில் மனிதர்களைக் கடித்த பெண் ஈக்களை ஆராய்ந்து, வில்லிஸ் விர்த், டேவிட் லீ ஆகிய இருவரும் 1958-இல் இப்பேரினத்தை விவரித்தனர். அதற்கு நெருங்கிய உறவான லெப்டோகோனாப்ஸின் இறக்கையில், முன்பக்க நரம்பையும் நடு நரம்பையும் இணைக்கும் குறுக்கு நரம்பு கிடையாது. ஆஸ்ட்ரோகோனாப்ஸில் அது இருக்கிறது. கண்ணுக்கே புலப்படாத இறக்கையில் ஒரு சிறு கோடுதானே என்று தோன்றலாம். ஆனால் இத்துறையில் பேரினங்களைப் பிரித்தறிய முதலில் பார்ப்பது இறக்கை நரம்புகளைத்தான். அவற்றோடு உணர்கொம்பின் கணுக்கள், வாயுறுப்பின் பற்கள், கால் நகங்கள், பெண்ணின் வயிற்றுக்குள் விந்தைச் சேமிக்கும் பைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒப்பிடுவர். இதற்காகப் பூச்சியை ஃபீனாலில் ஊறவைத்து ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கி, தலை, மார்பு, இறக்கை, வயிறு என்று தனித்தனியே பிரித்து, ஒரே கண்ணாடித் தகட்டில் கனடா பால்சம் பிசினில் பதித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் மெல்லிய மூடுகண்ணாடி வைப்பார்கள். மூச்சுக்காற்றே ஒரு காலைக் கொண்டுபோய்விடும் அளவுக்குப் பொறுமையைக் கேட்கும் வேலை இது.

அந்த விவரிப்பு எவ்வளவு உறுதியானது என்பது பின்னர் தெரியவந்தது. லெபனானின் கிரெட்டேசியக் கால அம்பரில், அதாவது 12 கோடி ஆண்டுகளுக்கும் முன் மரப்பிசினில் சிக்கி இறுகிய பூச்சிகளிடையே, இதே பேரினத்தைச் சேர்ந்தவை இருப்பதைப் போலந்து ஆய்வாளர் ரிஷார்ட் ஷாஜெவ்ஸ்கி 1996-இல் எடுத்துக்காட்டினார். உயிருள்ள ஈக்களைக் கொண்டு வரையறுத்த பேரினத்துக்குள், உலகின் மறுகோடியில் கிடைத்த அவ்வளவு பழைமையான ஈக்களும் வந்து பொருந்தின. முதுகெலும்பிகளின் குருதியை உறிஞ்சும் பழக்கம் இக்குடும்பத்தில் குலிகாய்டஸ், லெப்டோகோனாப்ஸ், ஆஸ்ட்ரோகோனாப்ஸ், ஃபோர்சிபோமையாவின் ஒரு துணைப்பேரினம் ஆகியவற்றில் மட்டுமே காணப்படுவதால், அப்பழக்கத்தின் தொன்மையை ஆராய்வோருக்கு இது பெரும் துணையாயிற்று.

எல்லாப் பருவங்களும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. ஆஸ்ட்ரோகோனாப்ஸின் ஆண் பூச்சி பற்றிய விவரம் 1987-இல்தான் வெளிவந்தது. உயிருடன் உள்ள இரண்டாவது சிற்றினம் 2004-இல் விவரிக்கப்பட்டது. விலங்குப் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பும் இத்தகைய முழுமையைக் கட்டாயமாக்கவில்லை. பிற பேரினங்களிலிருந்து பிரித்தறியும் பண்புகளை எழுத்தில் தர வேண்டும். பேரினத்துக்கு அடையாளமாக ஒரு சிற்றினத்தைக் குறிப்பிட வேண்டும். புதிய பேரினத்தின் பெயர், விலங்குலகில் வேறெந்தப் பேரினத்துக்கும் முன்னரே இட்ட பெயராக இருக்கக் கூடாது. இன்று புதிய சிற்றினத்தையும் சேர்த்து விவரிப்பவர், அதன் மூலமாதிரி, அதாவது அச்சிற்றினப் பெயருக்கு அடிப்படையான பூச்சி, எந்தச் சேகரிப்பில் வைக்கப்பட்டுள்ளது அல்லது வைக்கப்படும் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். ஐயம் கொள்ளும் எவரும் அங்கே சென்று, அதே கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.